சால்டேர் ஆலை ஊரை ட்ரோனில் படம்பிடிப்பது: எங்கே கிளப்பலாம், என்ன உயரம், எந்த வெளிச்சம்?

கழுகுப்பார்வை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. பிப்ரவரி நடுவில் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு பக்கம் போகிறேன். சால்டேரை வானிலிருந்து ஒழுங்காகப் பதிவு செய்ய வேண்டும். இரண்டு வேலை: ஐந்து நிமிட வீடியோ, ஆலையின் முப்பரிமாண மாதிரி. கையில் இருப்பது மினி 4 ப்ரோ ட்ரோன், சாதா பேட்டரி மூன்று. லீட்ஸ் பிராட்ஃபோர்டு விமான நிலையம் பக்கத்தில் இருப்பது இடிக்குமா? எங்கிருந்து கிளப்புவது? எதை முதலில் எடுப்பது?

---

பென்னைன்காற்று எழுதியது:

விமான நிலையம் இடிக்காது. சால்டேர் அங்கிருந்து சுமார் 9 கி.மீ. தள்ளி இருக்கிறது. ஓடுபாதையைச் சுற்றிய தடை வட்டமும், இரு முனையிலும் 5 கி.மீ. நீளத்துக்கு நீளும் பட்டையும் ஊரைத் தொடவில்லை. ஆனாலும் கிளம்பும் நாள் காலையில் நோட்டாம் (NOTAM, வான்வெளித் தடை அறிவிப்புகள்) பார்த்துவிடுங்கள், தற்காலிகத் தடை எப்போது வேண்டுமானாலும் வரும்.

பதிவு விஷயத்தில்தான் வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் மாட்டுகிறார்கள். 2026 ஜனவரி 1 முதல் விதி மாறிவிட்டது. 100 கிராமும் அதற்கு மேலும் உள்ள எந்த ட்ரோனைப் பறக்கவிடவும் ஃப்ளையர் ஐடி வேண்டும். அதில் கேமரா இருந்தால் ஆபரேட்டர் ஐடியும் வேண்டும். "250 கிராமுக்குக் கீழே, எதுவும் தேவையில்லை" என்று பழைய வீடியோக்களில் சொல்வதை நம்பாதீர்கள். ஐரோப்பிய நாடுகளில் வாங்கிய பதிவு பிரிட்டனில் செல்லாது, சிஏஏ (பிரிட்டனின் விமானப் போக்குவரத்து ஆணையம்) தளத்தில் தனியாகப் பதிய வேண்டும். ஃப்ளையர் ஐடி தேர்வு இணையத்திலேயே: 40 கேள்வி, 30 சரியாக வந்தால் தேர்ச்சி, இலவசம், ஐந்து ஆண்டு செல்லும். ஆபரேட்டர் ஐடிக்குக் கட்டணம் உண்டு, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ட்ரோன்மேல் ஒட்ட வேண்டியது ஆபரேட்டர் எண். ஃப்ளையர் எண்ணை ஒட்டிவிட்டு வருகிறவர்கள் நிறைய. எழுத்து 3 மி.மீ.க்கு மேல் இருக்க வேண்டும், வெளியே தெரிய வேண்டும், அல்லது கருவி இல்லாமல் எளிதாகத் திறக்கும் மூடிக்குள் இருக்கலாம்.

உங்கள் மினி எடை 249 கிராம். இந்த ஊரில் பறக்க முடிவதே அதனால்தான். சால்டேர் முழுக்கக் குடியிருப்பு. 250-க்கு மேலே போய்விட்டால், ஏ2 சான்றிதழ் (தேர்வெழுதி வாங்கும் கூடுதல் தகுதி) இல்லாதவர் வீடு, கடை, ஆலைப் பகுதியிலிருந்து 150 மீட்டர் விலகித்தான் பறக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் இங்கே நிற்கவே இடமில்லை. அதனால் பெரிய "பிளஸ்" பேட்டரியைத் தொடாதீர்கள், அதைப் போட்டதும் எடை 250-ஐத் தாண்டிவிடும். புரொப்பெல்லர் காப்பு வளையம், ஒட்டும் ஸ்ட்ரோப் விளக்கு எல்லாம் அதே கதைதான். பறக்கப் போகும் கோலத்திலேயே சமையலறைத் தராசில் ஒருமுறை வைத்துப் பாருங்கள்.

---

கழுகுப்பார்வை எழுதியது:

நன்றி சார். அப்படியென்றால் இருட்டியபின் விளக்கு வெளிச்சத்தில் எடுப்பது? பச்சை விளக்கு கட்டாயம் என்று படித்தேன்.

---

பென்னைன்காற்று எழுதியது:

ஆமாம், 2026 முதல் இரவில் பறந்தால் மினுங்கும் பச்சை விளக்கு கட்டாயம். ஸ்ட்ரோப் ஒட்டினால் எடை கூடும், எடை கூடினால் மேலே சொன்ன 150 மீட்டர். எனவே இரவை விட்டுவிடுங்கள். சூரியன் இறங்கும் நேரத்திலேயே தெருவிளக்குகள் எரிய ஆரம்பித்துவிடும், அது போதும். அங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். வீடியோ 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 வைத்தால் விளக்கு துடிக்காது. 1/60 வைத்தால் பட்டை ஓடும்.

---

தறிச்சத்தம் எழுதியது:

எதை முதலில் எடுப்பது என்ற கேள்வியைப் பிடித்துக்கொள்கிறேன், அதில்தான் பெரும்பாலான வீடியோக்கள் கோட்டை விடுகின்றன. புகைபோக்கியைச் சுற்றி ஒரு வட்டம், ஆலைமேல் ஒரு ஓட்டம், முடிந்தது. சால்டேர் வெறும் ஆலை இல்லைங்க. ஒரே முதலாளி, ஒரே கட்டடக்கலை நிறுவனம், ஏறக்குறைய இருபது ஆண்டுக்குள் காலி நிலத்தில் எழுப்பிய முழு ஊர். தரையில் நடந்தால் அழகான கல் வீடுகள்தான் தெரியும். மேலே போனால்தான் யாரை எங்கே வைத்தார்கள் என்ற கணக்கு தெரியும்.

டைட்டஸ் சால்ட் பிராட்ஃபோர்டில் ஆலைகள் வைத்திருந்தவர், அல்பாகா கம்பளியில் பணம் சேர்த்தவர். பிராட்ஃபோர்டின் புகையும் காலராவும் தாங்காத காலம் அது. எல்லாவற்றையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவர, ஏர் நதிப் பள்ளத்தாக்கில் இடம் பிடித்தார். காரணம் மேலிருந்து பார்த்த உடனே விளங்கும்: நதி, லீட்ஸ்-லிவர்பூல் கால்வாய், ரயில் பாதை மூன்றும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. ஆலை கால்வாய்க்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் செருகப்பட்டிருக்கிறது. உங்கள் முதல் ஷாட் இதுவாகத்தான் இருக்க வேண்டும்: வடக்கே ராபர்ட்ஸ் பூங்காப் பக்கமிருந்து நதி, கால்வாய், ஆலை, பின்னால் தண்டவாளம், அதற்கும் மேலே சரிவில் ஏறும் ஊர், எல்லாம் ஒரே சட்டகத்தில். 80 மீட்டர் உயரம், கேமரா 25 டிகிரி கீழ்நோக்கி.

ஆலை திறந்தது 1853 செப்டம்பர் 20, சால்டின் ஐம்பதாவது பிறந்தநாள். கட்டடக்கலை லாக்வுட் அண்ட் மாசன். தெற்கு முகப்பு 545 அடி, அதாவது 166 மீட்டர்; உயரம் 72 அடி. உள்ளே 1,200 தறி, 3,000 தொழிலாளர்.

இப்போது கூரைகளைப் பாருங்கள். வரிசை வீடுகளின் கூரைக்கோடு ஒரே மட்டத்தில் போய்க்கொண்டே இருந்து, வரிசையின் முனையிலோ நடுவிலோ திடீரென்று ஒரு மாடி உயரும். அந்தப் பெரிய வீடுகள் கண்காணிப்பாளர்களுக்கும் தங்கும் விடுதிகளுக்கும். மேற்கு ஓரத்து ஆல்பர்ட் சாலையில் தோட்டத்தோடு இருக்கும் பெரிய வீடுகள் மேல்நிலை ஊழியர்களுக்கு. தெருப் பெயர்களில் பாதி சால்டின் மனைவி, பிள்ளைகள்: கரோலின், டைட்டஸ், ஜார்ஜ், ஹெலன், ஃபேனி. வீடுகள் மட்டும் 800-க்கும் மேல். 1868-ல் வந்த ஆல்ம்ஹவுஸ் என்ற முதியோர் இல்லங்கள் 45, அலெக்சாண்ட்ரா சதுக்கத்துப் புல்வெளியைச் சுற்றி. நேர் மேலிருந்து 60 மீட்டரில் மெதுவாக விக்டோரியா சாலை நெடுக ஒரு ஓட்டம் எடுத்தால் இந்தப் படிநிலை அப்படியே தெரியும். ஆனால் செங்குத்தாக மட்டும் எடுத்தால் கூரை உயர வித்தியாசம் தட்டையாகிவிடும். அதே பாதையில் 50 டிகிரி சாய்த்து இன்னொரு ஓட்டம் அவசியம்.

விக்டோரியா சாலையில் எதிரெதிரே இருக்கும் பள்ளியையும் (1868) விக்டோரியா ஹாலையும் (1871) விட்டுவிடாதீர்கள். இரண்டின் முன்னாலும் மூலைக்கொன்றாக மொத்தம் நான்கு சிங்கங்கள். தாமஸ் மில்ன்ஸ் செதுக்கியவை, முதலில் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்துக்காக எண்ணப்பட்டவை.

---

புள்ளிமேகம் எழுதியது:

முப்பரிமாண மாதிரிக்கு வருகிறேன். சால்ட்ஸ் மில் (அந்த ஆலைதான்) மாதிரி கட்டடம், படங்களை ஒட்டி முப்பரிமாணமாக்கும் மென்பொருளுக்குப் பெரிய சோதனை. காரணம் மூன்று: ஒரே அளவு ஜன்னல்கள் வரிசையாகத் திரும்பத் திரும்ப வருவதால் ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொண்டு முகப்பையே இடம் மாற்றி ஒட்டிவிடும். நெசவுக்கூடத்தின் ரம்பப்பல் கூரையில் கண்ணாடிப் பக்கம் வானத்தைப் பிரதிபலித்து ஓட்டை விழும். மூன்றாவது, உயர வித்தியாசம். இதைத்தான் யாரும் கணக்குப் போடுவதில்லை.

மினி 4 ப்ரோ லென்ஸ் 24 மி.மீ.க்குச் சமம். 60 மீட்டர் உயரத்திலிருந்து செங்குத்தாக எடுத்தால் தரையில் சுமார் 86 மீட்டர் அகலம் விழும், 12 மெகாபிக்சலில் ஒரு பிக்சல் 2.1 செ.மீ. பக்கவாட்டு ஓவர்லாப் (பக்கத்துப் படங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் பங்கு) 75% என்று வைத்தால் ஓட்டப் பாதைகளுக்கு இடையே 21.6 மீட்டர் இடைவெளி. கணக்கு சரிதான், தரைக்கு. ஆலைக் கூரை 22 மீட்டர் உயரத்தில் இருக்கிறதே! கூரைக்கும் ட்ரோனுக்கும் இடைவெளி 38 மீட்டர்தான், அகலம் 55 மீட்டராகச் சுருங்கி, அதே பாதை இடைவெளியில் ஓவர்லாப் 60 சதவீதத்துக்கு இறங்கிவிடும். தரை நன்றாக வந்து கூரை மட்டும் கந்தலாக வருவது இதனால்தான். பாதை இடைவெளியை 13 மீட்டராக்குங்கள், கூரையிலும் 75% கிடைக்கும்.

வேகம் விநாடிக்கு 4 மீட்டர், 2 விநாடிக்கு ஒரு படம். 8 மீட்டருக்கு ஒரு படம் வீதம் கூரை மட்டத்தில் முன்பின் ஓவர்லாப் 80 சதவீதம். ஷட்டரை 1/400-க்குக் கீழே இறக்காதீர்கள். 1/200 வைத்தால் அந்த விநாடிப் பின்னத்தில் ட்ரோன் 2 செ.மீ. நகர்ந்துவிடும், கூரை மட்டத்தில் அது ஒரு பிக்சலுக்கும் அதிகம். ஐஎஸ்ஓ 100-லிருந்து 200 வரை பரவாயில்லை. ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ், எக்ஸ்போஷர் மூன்றையும் பூட்டிவிடுங்கள். இந்த வேலைக்கு என்டி ஃபில்டர் (லென்ஸுக்குள் போகும் வெளிச்சத்தைக் குறைக்கும் கண்ணாடி) கூடாது, கழற்றிவிடுங்கள்.

செங்குத்துக்குப் பிறகு நாலு பக்கமும் 45 டிகிரி சாய்வு. அதன்பின் முகப்புக்கு நேரெதிரே, கூரை மட்டத்திலும் அரை உயரத்திலும் இரண்டு கிடை ஓட்டம். ஜன்னல் குழப்பம் தீர, ஒவ்வொரு சட்டகத்திலும் முகப்பின் மூலையோ கோபுரமோ, திரும்ப வராத ஏதோ ஒன்று தெரிந்தால் நல்லது. மேகமூட்டமான நாள்தான் உங்களுக்கு வரம். வெயில் நாளில் ஜன்னலில் சூரியன் மின்னும், நிழலும் நகரும்.

---

தறிச்சத்தம் எழுதியது:

மேகமூட்டம் மாதிரிக்குச் சரி, வீடியோவுக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த மணற்கல் வெயிலில்தான் தேன் நிறம் காட்டும், மேகத்தில் சாம்பலாகிவிடும். இரண்டையும் ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள்.

அங்கே அட்சரேகை 53.8. பிப்ரவரி நடுவில் உச்சி வேளையிலும் சூரியன் 24 டிகிரிக்குள்தான், 8 மீட்டர் உயர வீட்டின் நிழல் 18 மீட்டர் விழும். குறுக்குத் தெருக்கள் நாள் முழுக்க இருட்டாகவே இருக்கும். வடக்கு-தெற்காக இறங்கும் தெருக்களில் மட்டும் நண்பகலையொட்டி வெளிச்சம் நீளத்துக்கும் பாயும், அந்த ஒரு மணி நேரத்தைத் தெருக்களுக்கு வையுங்கள். காலையில் தேவாலயம்: அரைவட்டத் தூண் முகப்பு கிழக்கே ஆலை அலுவலகத்தைப் பார்த்து நிற்கிறது, பிற்பகலில் போனால் நிழல்தான் கிடைக்கும். 1859-ல் கட்டியது, சால்ட் குடும்பக் கல்லறை மாடமும் அதிலேயே. ஆலையின் தெற்கு முகப்பு எந்த நேரமும் ஓகே. கால்வாய்ப் பக்கத்து வடக்கு முகம் குளிர்காலத்தில் வெயிலே பார்க்காது, அதை மட்டும் மேகமூட்ட நாளுக்குத் தள்ளுங்கள்.

---

கழுகுப்பார்வை எழுதியது:

தெற்கு முகப்பு முழுவதும் ஒரே சட்டகத்தில் வருமா? ராபர்ட்ஸ் பூங்காவில் நின்று ட்ரோனை ஆலைக்கு மேலே ஓட்டி அந்தப் பக்கம் போகலாம் என்று நினைத்தேன்.

---

புள்ளிமேகம் எழுதியது:

166 மீட்டரோடு இரு ஓரமும் கொஞ்சம் சேர்த்து 183 மீட்டர் வேண்டும் என்றால், 24 மி.மீ. லென்ஸுக்கு 127 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். ரயில் பாதை முகப்பை ஒட்டி ஓடுவதால் ட்ரோன் பாதைக்குத் தெற்கே, வீடுகளுக்கு மேல் நிற்கும். 70 மீட்டரிலிருந்து கிடையாக மூன்று படம் எடுத்து ஒட்டுவதே தெளிவாக வரும்.

---

பென்னைன்காற்று எழுதியது:

பூங்காவிலிருந்து ஆலையைத் தாண்டி ஓட்டும் யோசனை வேண்டாம் தம்பி. ட்ரோனைக் கண்ணால் நேரடியாகப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது சட்டம். 22 மீட்டர் கல்சுவருக்குப் பின்னால் அது இறங்கிய கணமே பார்வை போச்சு, ரேடியோ சிக்னலும் கூடவே போகும். சிக்னல் போனால் தானாகத் திரும்பும் முறை வேலை செய்யும். திரும்பும் உயரம் 40 என்று வைத்திருந்தால் வழியில் புகைபோக்கி. இந்த ஊருக்குத் திரும்பும் உயரம் 100 மீட்டர் வையுங்கள். வடக்குப் பக்கத்துக்கு ஒரு கிளப்பும் இடம், தெற்குப் பக்கத்துக்கு வேறு இடம், இரண்டாகப் பிரித்துத் திட்டமிடுங்கள். இந்த அளவு ட்ரோன் 300 மீட்டருக்கு அப்பால் புள்ளிதான்.

தண்டவாளத்துக்கு மேலே உயர்மின் கம்பி ஓடுகிறது, பாதையிலிருந்து 50 மீட்டர் விலகியிருங்கள். அங்கே விழுந்தால் இறங்கி எடுக்க முடியாது, அத்துமீறல் குற்றம், ரயில்களும் நிற்கும்.

கிளப்பும் நிலத்துக்குச் சொந்தக்காரர் அனுமதி வேண்டும். வானத்தில் பறக்க அனுமதி இருப்பது வேறு, காலடி நிலம் வேறு. பூங்கா பிராட்ஃபோர்டு கவுன்சிலுடையது, முன்கூட்டியே மின்னஞ்சலில் எழுதிக் கேட்டு, பதிலை ஃபோனில் வைத்திருங்கள். கால்வாய்க் கரை கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் வசம், அங்கேயும் கேட்காமல் கிளப்பக் கூடாது. ஆலை வளாகம் தனியார் சொத்து. ஒரு வாரம், பத்து நாள் முன்னால் எழுதினால் அவசரமில்லாமல் பதில் வாங்கலாம்.

உயரக் கணக்கில் இன்னொரு பொறி. சட்டம் சொல்லும் 120 மீட்டர், ட்ரோனுக்குக் கீழே உள்ள தரையிலிருந்து. திரையில் காட்டும் எண்ணோ, நீங்கள் கிளப்பிய இடத்திலிருந்து. ஊரின் மேல் முனையில் கிளப்பி, 30 மீட்டர் பள்ளமான நதிக்கு மேலே போனால் திரையில் 100 காட்டும்போதே நீங்கள் 130-ல் இருப்பீர்கள். பூங்காவில் கிளப்பி பெய்ல்டன் மேடு பக்கம் போனால் தலைகீழ்: திரை 60 காட்டும், மரங்கள் காலை இடிக்கும்.

---

ஈரக்காற்று எழுதியது:

காற்றைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. மினி தாங்கும் காற்று விநாடிக்கு 10.7 மீட்டர், அதாவது மணிக்கு 38 கி.மீ. வானிலை அறிக்கை சொல்வது தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்து வேகம். 100 மீட்டரில் அதைவிட மூன்றில் ஒரு பங்கோ பாதியோ கூடுதலாக இருக்கும். அறிக்கையில் சராசரி விநாடிக்கு 6 மீட்டர், திடீர் வீச்சு 10 என்றால் நான் சொல்வது: கிளப்பாதீர்கள்.

பள்ளத்தாக்கு ஏறக்குறைய கிழக்கு-மேற்காகப் போவதால் மேற்குக் காற்று அதற்குள் ஒடுங்கி வேகம் பிடிக்கும். தென்மேற்குக் காற்று அடித்தால் ஆலையின் வடகிழக்கு முதுகில் சுழல் காற்று. அந்த 22 மீட்டர் சுவருக்குப் பின்னால் சுவர் உயரத்தைப் போல் ஐந்து மடங்கு தூரம் வரை மேலும் கீழும் தூக்கிப் போடும். முகப்புக்கு நெருங்கிய கிடை ஓட்டத்தைக் காற்று வரும் பக்கத்தில் செய்யுங்கள், மறைவுப் பக்கத்தை வேறு நாளுக்கு வையுங்கள். போகும்போது எதிர்காற்று, திரும்பும்போது பின்காற்று, இந்த வரிசை மாறக் கூடாது. மாறினால் பேட்டரி 30 சதவீதத்தில் எதிர்காற்றில் திணறிக்கொண்டிருப்பீர்கள்.

பிப்ரவரிக் குளிரில் 34 நிமிடம் என்ற பெட்டிக் கணக்கை மறந்துவிடுங்கள், 20 கிடைத்தால் நல்லது. பேட்டரிகளைச் சட்டை உள்பையில் உடம்புச் சூட்டில் வையுங்கள். கிளப்பியதும் 2 மீட்டர் உயரத்தில் ஒரு நிமிடம் நிறுத்தி, பேட்டரி சூடு ஏறியபின் மேலே அனுப்புங்கள். குளிர்ந்த பேட்டரியில் உடனே முழு வேகம் கொடுத்தால் மின்னழுத்தம் சட்டென்று விழுந்து தானாக இறங்க ஆரம்பித்துவிடும். மூடுபனியும் பூஜ்ய டிகிரியும் சேர்ந்தால் புரொப்பெல்லரில் பனி ஒட்டும். சத்தம் மாறினாலே இறக்கிவிடுங்கள். இந்த ட்ரோனுக்கு மழைக்காப்பு கிடையாது, தூறலிலும் கூடாது.

கிளப்பும் இடத்தில் இரும்பு மூடி, வேலிக்கம்பி, பாலத்து இரும்பு இருந்தால் திசைகாட்டி குழம்பும். ஐந்து மீட்டர் தள்ளிப் புல்லில் வையுங்கள்.

---

தறிச்சத்தம் எழுதியது:

புகைபோக்கிகளைப் பற்றி ஒரு வார்த்தை. கால்வாய்க்கு அந்தப் பக்கம் 1868-ல் கட்டிய நியூ மில்லின் புகைபோக்கியைத்தான் நெருங்கிப் பார்க்க வேண்டும். வெனிஸின் ஃப்ராரி தேவாலய மணிக்கூண்டைப் பார்த்துச் செய்த வடிவம். உச்சியில் இருக்கும் வளைவு வேலைப்பாட்டைக் கீழே நிற்பவர் யாரும் பார்க்கவே முடியாது. அங்கேதான் ட்ரோன் உண்மையில் பயன்படுகிறது: உச்சி மட்டத்துக்கு ஏறி, 25 மீட்டர் தள்ளி நின்று, கேமராவைக் கிடையாக வைத்து மெதுவாகச் சுற்றுங்கள்.

ஆனால் மார்ச்சிலிருந்து ஜூலை வரை கவனம். பழைய ஆலைப் புகைபோக்கிகளில் பைரி என்ற வேட்டைப்பறவை கூடு கட்டும், கூட்டின் பக்கம் போய்த் தொந்தரவு செய்வது 1981 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். பருவம் எதுவானாலும் பறவை வட்டமிட்டு வந்தால் ட்ரோனை நேராக மேலே ஏற்றி விலக்குங்கள். பைரி மேலிருந்து பாய்கிற பறவை, கீழே இறக்கினால் அதற்கு வசதியாகிவிடும்.

---

புள்ளிமேகம் எழுதியது:

வீடியோவுக்கு ஃபில்டர்: அங்கே பிப்ரவரி வெயிலுக்கு என்டி64, மேகத்துக்கு என்டி16. என்டி256 பையிலேயே கிடக்கட்டும். தெரு ஓட்டங்களில் வேகம் விநாடிக்கு 3 மீட்டருக்கு மேல் வேண்டாம், வரிசை வீடுகளின் புகைக்கூண்டுகள் சட்டகத்தில் துடிக்கும்.

இன்னொன்று: வீடுகளின் பின்கட்டு முற்றங்கள் மேலிருந்து அப்படியே தெரியும். மக்கள் இன்றும் குடியிருக்கும் ஊர். துணி காயப்போடும் நேரத்தில் 30 மீட்டரில் போய் நிற்காதீர்கள்; ஆள் முகம் தெரியும் காட்சியை வெளியிடாதீர்கள். 60 மீட்டரில் கூரை அமைப்பு நன்றாகத் தெரியும், முகம் தெரியாது.

---

கழுகுப்பார்வை எழுதியது:

மூன்று பேட்டரிக்கு வரிசை எப்படிப் போடுவது? இன்னொரு நாள் மிஞ்சினால் பக்கத்தில் வேறு என்ன?

---

பென்னைன்காற்று எழுதியது:

வெயில் நாள்: முதல் பேட்டரி காலை ஒன்பதுக்கு, பூங்காப் பக்கமிருந்து முழுக் காட்சியும் தேவாலயமும். இரண்டாவது பன்னிரண்டு மணிக்குத் தெற்கு இடத்திலிருந்து தெருக்கள். மூன்றாவது மாலை நாலரைக்கு, புகைபோக்கியும் விளக்கேறும் ஊரும். அப்போது சூரியன் ஐந்தேகால் வாக்கில் மறையும். மேகமூட்ட நாள் மூன்று பேட்டரியும் மாதிரிக்கு. மதியம் காரில் சார்ஜ் போட்டால் கூரையையும் வடக்கு முகத்தையும் முடிக்கலாம்.

மிஞ்சினால் கால்வாயோடு மேற்கே சுமார் 5 கி.மீ. போய் பிங்லி ஃபைவ் ரைஸ். 1774-ல் திறந்த ஐந்தடுக்கு மடை, படகை 18 மீட்டர் ஏற்றி இறக்கும். பக்கவாட்டிலிருந்து 40 மீட்டரில் எடுத்தால்தான் படிக்கட்டு தெரியும், நேர் மேலிருந்து எடுத்தால் வெறும் நீளப் பட்டை. அங்கேயும் கால்வாய் அறக்கட்டளை அனுமதி வேண்டும். பிராட்ஃபோர்டு பக்கம் திரும்பினால் மானிங்ஹாமில் லிஸ்டர் மில், பட்டு ஆலை, 249 அடிப் புகைபோக்கி. சுற்றிலும் நெருக்கமான குடியிருப்பு, கூட்டம் இல்லாத ஞாயிறு காலை பாருங்கள்.

---

ஈரக்காற்று எழுதியது:

கழுகுப்பார்வை, நீங்கள் இந்தியாவிலிருந்து போகிறீர்கள் என்றால்: பேட்டரிகள் கைப்பையில்தான், ஒவ்வொன்றும் 19 வாட்-மணிதான், 100 வரை அனுமதி. முனைகளில் டேப் ஒட்டுங்கள். திரும்பும்போதுதான் சிக்கல். 2022 பிப்ரவரி முதல் முழுதாகச் செய்த வெளிநாட்டு ட்ரோனை இந்தியாவுக்குள் இறக்குமதி செய்யத் தடை. போகும்போதே விமான நிலையச் சுங்கத்தில் ட்ரோனைக் காட்டி, வரிசை எண்ணோடு ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கிய ரசீதின் நகலும் கூடவே இருக்கட்டும். செக்-இன் செய்து பெட்டியைக் கொடுத்துவிட்டால் சுங்கத்தில் காட்ட முடியாது, அதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.